களத்தில் காய்ந்த கிட்டார்

காப்பிக் களத்தில் கிட்டாரைக் காயப்போட்ட மனிதர் உலகத்திலேயே என் அப்பா ஒருவராகத்தான் இருப்பார். இதைச் சொன்னால் என்னோடு வாசிக்கிறவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். இப்போது நானும் சேர்ந்து சிரிக்கிறேன். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. பன்னிரண்டு வயதில், கையில் சோற்றுத் தூக்கோடு களத்தின் ஓரத்தில் நின்று, ஊரே திரும்பிப் பார்க்கும்படி அழுதேன்.

நாங்கள் ஏற்காட்டு மலையில், கொட்டச்சேடு பக்கம் ஒரு எஸ்டேட்டில் இருந்தோம். அம்மா பழம் பறிக்கப் போவாள். அப்பாவுக்குக் களத்து வேலை. பறித்த காப்பிப் பழத்தின் தோலை உரித்து, கழுவி, சிமெண்டுக் களத்தில் பரப்பிக் காயவைப்பார்கள். அதை அரைமணிக்கு ஒருமுறை புரட்டுவது, பனி இறங்குமுன் குவித்துத் தார்ப்பாய் மூடுவது, கடைசியில் காய்ந்ததா இல்லையா என்று சொல்வது எல்லாம் அப்பாவின் பொறுப்பு. ஒரு கொட்டையை எடுத்துப் பல்லிடுக்கில் வைத்துக் கடிப்பார். "ஆச்சுங்க" என்றால் மூட்டை கட்டலாம். "இன்னி ஒரு வெயில் வேணுமுங்க" என்றால் துரையே வந்தாலும் கட்ட முடியாது. ஒரு தடவை லாரி வந்து நின்றுவிட்டது. எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர், "ஆச்சுன்னு சொல்லுப்பா, யாரு கடிச்சுப் பாக்கப் போறாங்க" என்று கெஞ்சினார். அப்பா சொல்லவில்லை. லாரி காலியாகத் திரும்பியது. ரைட்டர் ஒரு மாதம் அப்பாவோடு பேசவில்லை, ஆனால் அதற்குப் பிறகு களத்தில் அப்பா சொன்னதை யாரும் இரண்டாம் முறை கேட்டதும் இல்லை.

இப்படிப்பட்டவரின் வீட்டுக்குள் கிட்டார் வந்த கதைக்கு வருகிறேன். ஏற்காடு டவுனில் நான் படித்த மிஷன் பள்ளிக்கூடத்துக்கு அந்த வருஷம் புதிதாக ஒரு பாட்டு டீச்சர் வந்தார். சின்ன வயசு, சமவெளிக்காரர், குளிருக்கு எப்போதும் இரண்டு ஸ்வெட்டர் போட்டிருப்பார். ஏதோ ஒரு பழைய அலமாரியைக் குடைந்து இரண்டு கிட்டார்களைக் கண்டெடுத்தார். கிளாசிக்கல் கிட்டார். எங்கள் வேதக்கோயிலில் வாலிபர் சங்கத்து அண்ணன்கள் வைத்திருந்ததைப் போல இரும்புக் கம்பி கிடையாது, நைலான் நரம்பு. தூசி தட்டி, புது நரம்பு மாட்டி, ஒன்றைப் பள்ளியில் வைத்துக்கொண்டார். மற்றதை யாராவது ஒரு பிள்ளை, அப்பாவின் கையெழுத்து வாங்கி வந்தால், வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பழகலாம் என்றார். சீட்டுக் குலுக்கியதில் முதல் சீட்டு எனக்கு விழுந்தது. இரண்டாவது, என் பெஞ்சில் பக்கத்தில் உட்காரும் தோழிக்கு.

ஆனால் ஒரு நிபந்தனை. கிறிஸ்துமஸ் லீவு விடுமுன் சி மேஜர் ஸ்கேலை ஒரு தப்பும் இல்லாமல் ஏறி இறங்கி வாசித்துக் காட்ட வேண்டும். காட்டிவிட்டால் வருஷ முடிவு வரைக்கும் கிட்டார் என்னிடம். ஒரே ஒரு தப்பு வந்தாலும் தோழிக்குப் போய்விடும். அவள் நல்லவள்தான். ஆனால் தினமும் காலையில் பையை வைக்கும் முன்பே, "எப்படிப் போகுது? கஷ்டமா இருக்கா?" என்று விசாரிப்பாள். கஷ்டமாக இருக்கிறது என்று சொன்ன நாட்களில் அவள் டிபன் பாக்ஸிலிருந்து எனக்கு ஏதாவது கிடைத்தது.

மேஜர் ஸ்கேல் என்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. எட்டுப் படி ஏறி, அதே எட்டுப் படி இறங்குவது, அவ்வளவுதான். கிட்டாரின் கழுத்தில் குறுக்கே உலோகக் கோடுகள் பதித்திருக்கும். இரண்டு கோட்டுக்கு நடுவே இருப்பதைக் கட்டம் என்போம். ஐந்தாவது நரம்பில் மூன்றாவது கட்டத்தில் தொடங்கி, நாலாவது, மூன்றாவது என்று நரம்பு மாறி, இரண்டாவது நரம்பின் முதல் கட்டத்தில் போய் முடிய வேண்டும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. படிகள் எல்லாம் ஒரே உயரம் இல்லை. மற்றப் படிகளுக்கு இரண்டிரண்டு கட்டம் தாண்ட வேண்டும். மூன்றுக்கும் நாலுக்கும் நடுவிலும், ஏழுக்கும் எட்டுக்கும் நடுவிலும் மட்டும் ஒரே கட்டம்தான். அந்த இரண்டு சின்னப் படிகளில்தான் மேஜர் ஸ்கேலின் உயிரே இருக்கிறது என்றார் டீச்சர். எனக்கு உயிர் போனதும் அங்கேதான்.

வலது கையில் சுட்டுவிரலும் நடுவிரலும் நடப்பதுபோல மாறி மாறி நரம்பை மீட்ட வேண்டும். அதற்கு வலது கையில் கொஞ்சம் நகம் வேண்டும், இடது கையில் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் கோயிலுக்குத் தயாராக எல்லார் நகத்தையும் வெட்டிவிடுவது அம்மாவின் வழக்கம். முதல் சனிக்கிழமை வலது கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன். விஷயத்தைச் சொன்னதும், "ஒரு கைக்கு வெட்டி ஒரு கைக்கு வெட்டாம உட்டா ஆண்டவருக்கு முன்னால எப்படி கண்ணு கை கூப்புவ?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு, வெட்டாமல்தான் விட்டாள்.

எங்கள் வீடு எஸ்டேட் லைனில் ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. ஆறு வீடுகளுக்கும் பொதுச் சுவர். நான் அறையில் வாசித்தால் மூன்று வீடு தாண்டிக் கேட்கும். பள்ளிவிட்டு வந்ததும் ஆரம்பித்தால் சோறு வேகும் வரை எட்டுப் படி ஏறுவேன், இறங்குவேன். "ஏறுது, எறங்குது, மறுக்கா ஏறுது, மறுக்கா எறங்குது. அது எங்கதான் போகுது சாமி?" என்று அம்மா சமையல்கட்டிலிருந்து கேட்பாள். பக்கத்து வீட்டு அக்கா, தன் கைக்குழந்தை என் சத்தம் கேட்டால்தான் தூங்குகிறது என்று வந்து சொன்னாள். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

அப்பா ஒன்றும் சொல்ல மாட்டார். களத்திலிருந்து வந்து, வாசலில் காலைக் கழுவி, சுவரோரமாக உட்கார்ந்து தேத்தண்ணி குடிப்பார். கண்ணை மூடிக்கொண்டிருப்பார். தூங்குகிறார் என்றே நினைத்தேன். நரம்பைச் சுருதி கூட்ட உதவியாக டீச்சர் ஆறு நரம்பின் ஓசையையும் அப்பாவின் பட்டன் போனில் பதிந்து கொடுத்திருந்தார். போன் அப்பாவோடு களத்துக்குப் போய்விடும். அவர் வந்த பிறகுதான் சுருதி கூட்ட முடியும். ஒருநாள் களத்தில் கூட வேலைசெய்யும் ஓர் அக்கா என்னை வழியில் நிறுத்தி, "உங்கப்பன் சோறு திங்கறப்பக்கூட அந்த டொய்ங் டொய்ங்கத்தான் போட்டுக் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கறாரு. என்ன சாமி அது?" என்றாள். போனைக் காட்டிப் பெருமையடிக்கிறார் போலிருக்கிறது என்று எனக்கு வெட்கமாகப் போயிற்று.

டிசம்பர் வந்தது. மலையில் டிசம்பர் என்றால் காலை பத்து மணி வரை எதிர் வீடு தெரியாது. துவைத்த துணி காய நாலு நாள் ஆகும். தீப்பெட்டி நமுத்துப்போகும். கிட்டாருக்கும் அது வந்தது. முன்னே கணீரென்று இருந்த சத்தம், போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல மொத்தையாகிவிட்டது. எவ்வளவு சுருதி கூட்டினாலும் அரைமணியில் இறங்கிவிடும். பரீட்சைக்கு ஒரு வாரம்தான் இருந்தது. நான் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு மூக்கை உறிஞ்சினேன்.

அப்பா எழுந்து வந்தார். கிட்டாரின் வயிற்றில் நகத்தால் ஒரு தட்டுத் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். "ஈரம் வாங்கியிருக்குது" என்றார். இந்த ஒரு விஷயத்தில் எஸ்டேட்டில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. எனக்கு உடனே தைரியம் வந்துவிட்டது.

"இதுக்கா அழுவாங்க? நாளைக்கு வெயில் அடிக்கும். ஒரு நாளு குடு கண்ணு, ஈரத்த எடுத்துத் தந்தர்றேன்."

மறுநாள் சனிக்கிழமை. சொன்னபடி வெயில் அடித்தது. அப்பா கிட்டாரைத் தோளில் சாய்த்துக்கொண்டு போனதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. மத்தியானம் சோறு கொண்டுபோனேன். களம் முழுக்கக் காப்பி வெளுத்துக் கிடந்தது. நடுவில் ஒரு சதுரம் ஒதுக்கி, சாக்கு விரித்து, அதன்மேல் கிட்டார். காப்பியைப் புரட்டும் நேரத்துக்கெல்லாம் அப்பா அதையும் புரட்டிப் போட்டிருக்கிறார். கொஞ்சநேரம் வயிறு மேலே, கொஞ்சநேரம் முதுகு மேலே. ஒரு பக்கமே காய்ந்தால் கொட்டை வெடிக்கும் இல்லையா.

நான் தூக்கைக் கீழே வைக்கவில்லை, அதற்குள் 'சட்'டென்று ஒரு சத்தம். களத்தில் இருந்த எல்லாரும் திரும்பினார்கள். நரம்புகளை இழுத்துக் கட்டியிருக்கும் மரக்கட்டை, பிரிட்ஜ், பாதி பெயர்ந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றது. பசை வெயிலில் இளகிவிட்டது. நரம்புகள் தொளதொளவென்று கிடந்தன.

அப்பா கையிலிருந்த கோலைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். கிட்டாரைத் தூக்கவும் இல்லை, தொடவும் இல்லை. பக்கத்தில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து அதையே பார்த்தார். நான் அழுத அழுகையில் என்னென்னவோ சொன்னேன். "உங்களுக்குக் காப்பியத் தவிர என்ன தெரியும்?" என்றதுவரை நினைவிருக்கிறது. அத்தனை பேர் முன்னால் சொன்னேன்.

"எனக்குத் தெரியலதான் சாமி" என்றார் அப்பா. அவ்வளவுதான்.

எஸ்டேட் ஆசாரி அன்று சாயங்காலமே வந்தார். நரம்பைத் தளர்த்தி, பழைய பசையைச் சுரண்டி, புதுப்பசை தடவி அழுத்தி, மேலே துணி போர்த்தி இரண்டு செங்கல்லை வைத்தார். நாலு நாள் யாரும் தொடக்கூடாது என்று சொல்லிப் போனார். சனியிலிருந்து நாலு நாள் என்றால் புதன். பரீட்சை வியாழன்.

"நாலு நாளு பழகாம இருந்தா கையி மறந்துருமா?" என்று அப்பா கேட்டார். நான் அவரோடு பேசுவதில்லை என்று இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்ததும் அவர் ஆசாரியிடம் ஒரு பலகைத் துண்டு வாங்கிவந்து, கிட்டார்க் கழுத்தின் அகலத்துக்குச் செதுக்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். ஈர்க்குச்சியால் கிட்டாரின் முதல் கட்டத்தை அளந்தார். அதே குச்சியை வைத்துப் பலகையில் வரிசையாக ஐந்து கோடு இழுத்தார். நீளவாக்கில் ஆறு கோடு, நரம்புக்கு. அதை என் முன்னால் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

வேறு வழியில்லாமல் அந்த ஊமைப் பலகையில் மூன்று நாள் ஏறி இறங்கினேன். வாயால் பாடிக்கொண்டே விரலை வைத்தேன். அப்பா கோட்டை அவ்வளவு ஒழுங்காகப் போட்டிருந்தார், ஒன்றுக்கொன்று மயிரிழைகூடப் பிசகாது. கிட்டாரில் கட்டங்கள் மேலே போகப் போகக் கொஞ்சங்கொஞ்சமாகச் சிறுத்துக்கொண்டே போகும் என்பது அவருக்குத் தெரியவில்லை. ஒன்றரை மாதம் அதை மடியிலேயே வைத்திருந்த எனக்கும் தெரியவில்லை.

புதன்கிழமை செங்கல்லை எடுத்து நரம்பை முறுக்கினோம். பிரிட்ஜ் தாங்கியது. உற்றுப் பார்த்தாலும் ஒட்டியது தெரியாதபடி ஆசாரி வேலை செய்திருந்தார். ஈரம் போனதாலோ என்னவோ, சத்தம்கூட நன்றாகவே இருந்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்போதுதான் அப்பா, நாளைக்கு நானும் வருகிறேன், டீச்சரிடம் நடந்ததைச் சொல்ல வேண்டும் என்றார்.

அம்மா முதலில் பேசினாள். "ஏனுங்க, பாத்தாத் தெரியலைங்களே. அவிய கேட்டாச் சொல்லலாம். கேக்காட்டி நாம எதுக்குங்க சொல்லோணும்?"

"பாத்தாத் தெரியறது வேற. அது அவிய பொருளு. நாங் கைநாட்டு வெக்காம கையெழுத்துப் போட்டு வாங்குனது."

"புள்ள கையில இருந்து புடுங்கிட்டாங்கன்னா?"

காய்ப்பு உச்சத்தில் இருந்த நேரம். களத்தை விட்டு ஒரு நாள்கூட நகராத அப்பா ரைட்டரிடம் போய் அரைநாள் லீவு கேட்டுவிட்டு வந்தார். காலையில் கோயிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டார். நான் பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்காரவில்லை. முன் சீட்டில் போய் உட்கார்ந்து, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கிட்டாரை உடைத்தது போதாதென்று, ஒட்டியதையும் ஊருக்குச் சொல்லி என்னிடமிருந்து பிடுங்கிக் கொடுக்கப் போகிறார். இவருக்கு நான் என்ன பாவம் செய்தேன்?

பாட்டு வகுப்பறையில் டீச்சர் மட்டும் இருந்தார். டீச்சர் உட்காரச் சொல்லியும் அப்பா உட்காராமல், துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு, ஈரம் வாங்கியதிலிருந்து செங்கல் வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னார். "காப்பிக்குச் செய்யற மாதிரியே செஞ்சுபோட்டனுங்க. தப்பு எம்மேலதானுங்க. புள்ளைக்கு ஒண்ணுந் தெரியாதுங்க."

டீச்சர் 'புரட்டிப் புரட்டிப் போட்டேன்' என்ற இடத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டார். பிறகு கிட்டாரை வாங்கி, பிரிட்ஜைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்தார். சுருதி கூட்டினார். இரண்டு மூன்று கம்பீரமான சத்தங்களை எழுப்பிக் கேட்டார்.

"வெயில்ல வைக்கக்கூடாதுங்க இதை" என்றார். "ஆனா நீங்க சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது. சொன்னதுக்கு நன்றிங்க." என்னிடம் திரும்பி, "வா, வாசி. நான் சொன்னது ஞாபகம் இருக்குல்ல? ஒரு தப்புக்கூட இருக்கக்கூடாது" என்றார்.

நாற்காலியில் உட்கார்ந்து, இடது காலைக் கால்மணையில் வைத்தேன். அப்பா கடைசிப் பெஞ்சில், முட்டி நெஞ்சைத் தொட, சின்னப்பிள்ளைகள் உட்காரும் இடத்தில் உட்கார்ந்திருந்தார். கோடுகளைப் பார்த்துக்கொண்டே மெதுவாக ஏறினேன். ஒன்று, இரண்டு, மூன்று, சின்னப் படி நாலு, ஐந்து, ஆறு, ஏழு, சின்னப் படி எட்டு. ஒரு பிசகில்லை. டீச்சர் தலையாட்டினார். அதே நேரம் ஆயா வந்து கதவைத் தட்டினாள். பெரிய டீச்சர் உடனே கூப்பிடுகிறாராம்.

"நிறுத்தாதே, இறங்கு. இதோ வந்துடறேன்" என்று டீச்சர் வெளியே போனார்.

நான் இறங்கினேன். கண் கதவுப்பக்கம் போயிற்று. எட்டு, ஏழு, ஆறு, ஐந்து. அடுத்தது நாலாவது நரம்பில் மூன்றாவது கட்டம். பார்க்காத விரல் பலகையில் பழகிய இடத்துக்குப் போனது. பலகையில் அது சரியான இடம். கிட்டாரில் கோட்டைத் தாண்டி அடுத்த கட்டம். பெரிய படி இருக்க வேண்டிய இடத்தில் சின்னப் படி விழுந்தது. புளிக்காத இட்லியைக் கடித்ததுபோல அந்தச் சத்தம் அறை முழுக்க நின்றது. ஆனாலும் நிறுத்தவில்லை. மூன்று, இரண்டு, ஒன்று என்று இறங்கி முடித்தேன்.

அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டீச்சர் அவசரமாகத் திரும்பி வந்தார். "முடிச்சிட்டியா? ஐயோ, நான் இறங்கறதைக் கேக்கவே இல்லையே." மணி அடிக்கப் போகிற நேரம். வெளியே அடுத்த வகுப்புப் பிள்ளைகள் வரிசையில் நின்று கசமுசவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, என்னைக் கேட்காமல் அப்பாவைக் கேட்டார். "நீங்க தினமும் கேக்கறவர்தானே? உங்க வார்த்தை எனக்குப் போதும். தப்பில்லாம வாசிச்சாளாங்க?"

நான் சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கவில்லை.

அப்பா பெஞ்சிலிருந்து எழுந்தார். எழுந்திருக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. துண்டைத் தோளில் போட்டார், மறுபடி எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"சரியாத்தானுங்க வாசிச்சுது புள்ள" என்றார்.

டீச்சர் நோட்டில் என் பெயருக்கு நேரே ஒரு டிக் அடித்தார்.

அந்த நிமிஷம் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எப்படிச் சொல்வது! டீச்சர் கேட்கவில்லை, அப்பாவுக்கு வித்தியாசம் தெரியவில்லை, எல்லாம் ஆண்டவர் கிருபை. அப்பாவுக்குக் காது மந்தமாக இருப்பது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். கொஞ்சம் இளக்காரமாகவே நினைத்தேன். வெயிலில் காயப்போட்டதைக்கூட அந்த இடத்திலேயே மன்னித்துவிட்டேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, என்னை மிஞ்ச ஆளில்லை என்ற மிதப்பில் லைன் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தேன். அப்பா அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை. களத்தில் அரைநாள் இல்லாததால் காப்பியில் ஏதோ கெட்டுவிட்டது போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.

அந்தக் கிட்டார் வருஷம் முழுக்க என்னிடம் இருந்தது. அதற்கடுத்த வருஷமும் இருந்தது. இன்றைக்கு என் சோற்றுக்கு வழி அதுதான். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன், மேடையிலும் வாசிக்கிறேன். என்னைப் பயிற்றுவித்தவர்களுக்கெல்லாம் மேடையில் நன்றி சொல்லிவிட்டேன். பலகையில் கோடு போட்டவருக்கு நான் நன்றி சொன்னதே இல்லை. எதற்கு என்று முழுதாகத் தெரிந்திருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன். ஆறேழு வருஷம் கழித்து, ஒரு சிறுமி என் முன்னால் அதே நாலாவது படியில் அதே தப்பை வாசித்தாள். துணைக்கு வந்திருந்த அவளுடைய அம்மா, பாட்டே தெரியாதவர், சட்டென்று முகத்தைச் சுளித்தார். அன்றைக்கு அந்தத் தப்பு அப்பாவுக்கும் கேட்டிருக்கும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வகுப்பைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போன் செய்து, தெரிந்துதான் சரி என்றீர்களா என்று கேட்டேன். "அப்படியா? எனக்கு ஞாபகமில்லையே கண்ணு" என்றார் அப்பா. லாரியைக் காலியாகத் திருப்பி அனுப்பிய மனுஷர். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, காயாததைக் காய்ந்தது என்று சொல்லியிருக்கிறார். அதையும் எனக்காகச் சொல்லியிருக்கிறார்.

பரீட்சைக்கு மறுநாள் காலையை மட்டும் சொல்லி முடிக்கிறேன். லீவு தொடங்கிவிட்டது. நான் போர்வைக்குள் சுருண்டு கிடந்தேன். விடிந்தும் விடியாத பனி. அப்பா கம்பளிக் குல்லாயை மாட்டிக் களத்துக்குக் கிளம்பினார். வாசலில் ஒரு காலில் செருப்பைப் போட்டவர் அப்படியே நின்று, உள்ளே திரும்பினார்.

"கண்ணு, அத ஒருக்கா வாசி."

"இப்பவா?"

"ஒருக்காத்தான் சாமி. எறங்கறப்ப மட்டும் பையப் போ. கோட்டப் பாத்துப் போ."

முணுமுணுத்துக்கொண்டே எழுந்து உட்கார்ந்து வாசித்தேன். எட்டும் ஏறினேன். இறங்கும்போது அவர் சொன்னபடி கோட்டைப் பார்த்து, விரலைப் பின்னுக்கு இழுத்து, நாலாவதை அதனுடைய இடத்தில் வைத்தேன். ஒற்றைச் செருப்போடு கதவைப் பிடித்துக்கொண்டு அப்பா கடைசிச் சத்தம் அடங்கும்வரை கேட்டார்.

"இப்ப சரி" என்றார். இன்னொரு செருப்பையும் போட்டுக்கொண்டு பனிக்குள் இறங்கிப் போனார்.

நான் சமையல்கட்டுக்குப் போய் அம்மாவிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன். "அப்பாவுக்குப் பாட்டுன்னா ஒண்ணுமே தெரியலம்மா. நேத்து டீச்சர்கிட்ட சரின்னு சொல்லிட்டு, இன்னிக்கு வந்து இப்ப சரிங்கறாரு."

அம்மா அடுப்பிலிருந்து திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்கப்பனுக்கா தெரியாது?" என்று கேட்டுவிட்டு, தேத்தண்ணியை ஆற்றி என் கையில் கொடுத்தாள். சூடாக இருந்தது. ஊதி ஊதிக் குடித்துவிட்டு விளையாடப் போய்விட்டேன்.